கரியமில வாயுவை அளக்கும் செயற்கைக் கோள்: அதன் கண்ணுக்கு ஒரு ஏக்கர் தெரியுமா?

மரக்காணம், அனுமந்தை, கூனிமேடு பகுதிகளில் சவுக்கும் மணிலாவும் நெல்லும் பயிரிடும் விவசாயிகள் இப்போது ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். "மரம் வளர்த்தால் அது உறிஞ்சும் கரியமில வாயுவுக்குப் பணம் கிடைக்குமாம். எவ்வளவு உறிஞ்சியது என்பதைச் செயற்கைக் கோளே மேலிருந்து அளந்துவிடுமாம். நாம் கையெழுத்துப் போட்டால் போதுமாம். இது உண்மையா?" என்பதே அக்கேள்வி.

செயற்கைக் கோள் கரியமில வாயுவை அளப்பது முற்றிலும் உண்மை. ஆனால் தனி ஒருவருடைய தோப்பையோ வயலையோ அது அளப்பதில்லை, அளக்கவும் இயலாது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் 20 ஆண்டு, 30 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் நிலத்தைக் கட்டிப் போட்டதாக ஆகிவிடும். எனவே அந்த அளவை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

டிகிரி பார்ப்பது போல

உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. உப்புநீரின் பக்குவத்தை அறிய யாரும் அதைக் காய்ச்சி உப்பை எடை போடுவதில்லை. அளவுக்கோடு போட்ட கண்ணாடி மிதவையை நீரில் விட்டு டிகிரி பார்க்கிறார்கள். கடல் நீர் சுமார் 3 டிகிரி காட்டும். வெயிலில் வற்றி 25 டிகிரியை எட்டும்போது உப்பு இறங்கத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தொட்டால் கசப்பு உப்புகள் கலக்குமென்று நீரை வெளியேற்றிவிடுவார்கள். மிதவை உப்பை எண்ணுவதில்லை. உப்பினால் நீரில் ஏற்படும் மாறுதலைக் காட்டுகிறது. அதிலிருந்து உப்பின் அளவை நாம் அறிகிறோம்.

செயற்கைக் கோளும் வாயுவை நேரே எடை போடுவதில்லை. வெயில் காற்றுமண்டலத்தைக் கடந்து தரையில் பட்டு மீண்டும் மேலே திரும்புகிறது. அவ்வாறு வந்து போகும் வழியில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களில் சில குறிப்பிட்ட நிறங்களை மட்டும் கரியமில வாயு விழுங்கிவிடுகிறது. திரும்பி வரும் ஒளியைப் பட்டகத்தால் பிரிப்பது போல மிக நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தால், சீப்பின் பற்கள் போல வரிசையாகக் கறுப்புக் கோடுகள் தெரியும். வாயு அதிகமானால் கோடுகள் ஆழமாகும், குறைந்தால் வெளிறும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கோடு ஆழமாக இருப்பது வாயு கூடுதலாக இருப்பதாலா, அல்லது ஒளி கூடுதலான காற்றைக் கடந்து வந்ததாலா? மலை மேல் பட்டு வரும் ஒளி குறைவான காற்றைக் கடக்கும். கடலோரத் தாழ்நிலத்தில் பட்டு வருவது அதிகக் காற்றைக் கடக்கும். இதைச் சரிசெய்யப் பிராணவாயுவின் கோடுகளையும் உடன் அளக்கிறார்கள். காற்றில் பிராணவாயுவின் பங்கு ஏறத்தாழ 21 சதவிகிதம் என்பது எங்கும் மாறாதது. ஆகவே அதன் கோட்டைப் பார்த்தால் ஒளி எவ்வளவு காற்றைக் கடந்தது என்பது தெரிந்துவிடும். இரண்டையும் ஒப்பிட்டால் தரை முதல் காற்றுமண்டலத்தின் உச்சி வரை உள்ள காற்றில், பத்து லட்சம் பங்குக்குக் கரியமில வாயு எத்தனை பங்கு என்ற சராசரி கிடைக்கிறது.

மூச்சு என்று பெயரிட்ட கோள்

இதற்கென்றே செய்யப்பட்ட செயற்கைக் கோளை முதலில் வெற்றிகரமாக ஏவியது ஜப்பான். 2009 ஜனவரி 23ஆம் தேதி தனெகாஷிமா ஏவுதளத்திலிருந்து சென்ற அதற்கு 'இபுகி' என்று பெயர். ஜப்பானிய மொழியில் மூச்சு என்று பொருள். பொருத்தமான பெயர்தான். அடுத்த மாதமே, பிப்ரவரி 24ஆம் தேதி, அமெரிக்காவின் நாசா ஏவிய 'ஓசிஓ' கோள் விண்ணை எட்டவில்லை. ராக்கெட் முனையின் மூடி திறந்து பிரியாததால் பாரம் தாங்காமல் கடலில் விழுந்தது. ஐந்தாண்டு கழித்து, 2014 ஜூலை 2ஆம் தேதி, அதே போன்ற 'ஓசிஓ-2' வெற்றிகரமாக ஏவப்பட்டது. 2016 டிசம்பரில் சீனா 'டான்சாட்' கோளை அனுப்பியது. ஜப்பானின் இரண்டாவது கோள் 2018 அக்டோபரிலும், மூன்றாவது 2025 ஜூனிலும் சென்றன.

ஓசிஓ-2 பூமிக்கு மேல் 705 கிலோ மீட்டர் உயரத்தில், பகல் ஒன்றரை மணி வாக்கில் ஓரிடத்தைக் கடக்குமாறு அமைக்கப்பட்டது. வினாடிக்கு 24 முறை, நாளொன்றுக்குப் பத்து லட்சம் முறை அளவில் ஒளியைப் பிடிக்கும். அவற்றுள் பெரும்பாலானவை மேகத்தால் வீணாகிவிடும். பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம்.

நம் கரையோரத்துக்கு இது முக்கியமான செய்தி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சம்பா நெல் தழைத்து நிற்கிறது. அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை மேகம் வானத்தை மூடியிருக்கிறது. பயிர் மிகுதியாக வாயுவை உறிஞ்சும் காலத்தில் கோளின் கண் கட்டப்பட்டிருக்கிறது எனலாம். மேகமற்ற மாசி முதல் சித்திரை வரையிலான நாட்களே அதற்கு ஏற்றவை. உப்புக்கும் அதுதான் விளைச்சல் காலம்.

கடலோரம் வேறொரு வகையிலும் அதற்குத் தொல்லை தருகிறது. நீர்ப்பரப்பு அந்த அகச்சிவப்புக் கதிர்களை விழுங்கிவிடுவதால் கடல் கறுப்பாகத் தோன்றும். ஆகவே கடல்மேல் செல்லும்போது, வெயில் கண்ணாடி போல மின்னும் இடத்தைத் தேடித் தன் பார்வையைச் சாய்த்துக் கொள்ளும். மணல், உப்புப் பாத்தி, கழிமுகம், சவுக்கு எல்லாம் ஒரே கட்டத்துக்குள் கலந்து கிடந்தால் கணக்குச் சிக்கலாகி, நம்பகம் குறைகிறது. மரக்காணம் அப்படிப்பட்ட நிலம். கருவி சரியாக அளக்கிறதா என்று சோதிக்க விஞ்ஞானிகள் தேடிப் போவது ஒரே சீராக விரிந்து வெளுத்துக் கிடக்கும் வறண்ட நிலத்தை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரயில்ரோடு வேலி என்ற இடத்தில் உள்ள காய்ந்த ஏரிப் படுகையை அதற்குப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

ஒரு கட்டம் 700 ஏக்கர்

ஓசிஓ-2 ஒரு தடவை அளக்கும் கட்டத்தின் பரப்பு சுமார் 3 சதுர கிலோ மீட்டர். நம் கணக்கில் 700 ஏக்கருக்கு மேல். இபுகியின் கட்டமோ பத்து கிலோ மீட்டர் குறுக்களவுள்ள வட்டம். அந்த வட்டத்துக்குள் நாலைந்து ஊர்கள் அடங்கிவிடும்.

அது மட்டுமல்ல. ஓசிஓ-2 பார்ப்பது பாதையோரமாக 10 கிலோ மீட்டர் அகலமுள்ள ஒரு பட்டையை மட்டுமே. பதினாறு நாளுக்கு ஒரு முறை அதே பாதைக்குத் திரும்பும். அடுத்தடுத்த பாதைகளுக்கு இடையே நமது பகுதியில் ஏறத்தாழ 170 கிலோ மீட்டர் இடைவெளி. அதாவது, நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதன் பார்வைக்குள் நேரடியாக வருவதில்லை. உங்கள் ஊர் அந்தப் பட்டையில் விழவில்லையென்றால் பதினாறு நாள் அல்ல, பதினாறு ஆண்டு காத்திருந்தாலும் விழாது.

சரி, விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். கோளின் கட்டமும் ஒரு ஏக்கராகச் சுருங்கிவிட்டது என்றும் கொள்வோம். அப்போதாவது தெரியுமா? இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் நிற்கும் காற்றின் எடை பத்து டன்னுக்குச் சற்று அதிகம். ஏக்கருக்கு ஏறத்தாழ 42,000 டன். அந்தக் காற்றிலுள்ள கரியமில வாயு சுமார் 27 டன். நன்றாகத் தழைத்த நெற்பயிர் ஒரு ஏக்கரில் ஒரு பகலில் ஏறத்தாழ 120 கிலோ வாயுவை எடுத்துக்கொள்கிறது என்று கொள்ளலாம். காற்று அசையாமல் நின்றால் இந்தக் குறைவு கோளின் கருவிக்குத் தெரியக்கூடும். ஆனால் காற்று நிற்பதில்லை. மணிக்கு 12 கிலோ மீட்டர் வேகத்தில் மெல்லிய கடற்காற்று வீசினாலே, ஒரு ஏக்கரைக் கடக்க அதற்குச் சுமார் 19 வினாடிதான் ஆகும். அந்த 19 வினாடியில் பயிர் எடுப்பது 65 கிராம் அளவு. 27 டன்னில் 65 கிராம்!

கோளின் அளவையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை முன்பின் இருக்கலாம். நம் ஏக்கர் கணக்கில் அது 60 கிலோவுக்கு மேல் ஆகிறது. உப்பு லாரிகளை எடை போடும் எடைமேடையில் ஒரு கைப்பிடி உப்பை வைத்து நிறுக்க முடியுமா? அது போலத்தான். சவுக்குத் தோப்பு நெல்லைவிடச் சற்றுக் கூடவோ குறையவோ எடுத்தாலும் இந்த முடிவில் மாறுதல் இல்லை.

எதற்குத்தான் பயன்?

அப்படியானால் இவ்வளவு செலவில் கோள்களை ஏவுவது வீண் வேலையா என்று கேட்கலாம். இல்லை. பெரிய கணக்குகளுக்கு அது இணையற்ற கருவி. 2015-16இல் எல் நினோ வந்தபோது தென் அமெரிக்காவின் வறட்சி, ஆப்பிரிக்காவின் வெப்பம், இந்தோனேசியக் காட்டுத் தீ ஆகியவற்றால் வெப்பமண்டல நிலங்கள், நனைந்த ஆண்டாகிய 2011ஐவிட 250 கோடி டன் கரியைக் கூடுதலாகக் காற்றில் விட்டன என்பதை இக்கோள்களின் அளவைகளைக் கொண்டுதான் கணக்கிட்டார்கள். பெரிய அனல் மின் நிலையத்தின் புகையும் அதற்குத் தெரியும். கனடா நாட்டு விஞ்ஞானிகள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மத்தியப் பிரதேசத்தின் சாசன் மின் நிலையமும் இவ்வாறு விண்ணிலிருந்து அளக்கப்பட்டவற்றுள் ஒன்று. அங்கே நாளொன்றுக்கு வெளியேறும் வாயு பல்லாயிரம் டன். நம் கிலோக் கணக்கு எங்கே, அது எங்கே!

பச்சையம் வெயிலில் வேலை செய்யும்போது மிக மங்கிய சிவப்பு ஒளியை வெளிவிடுகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. இந்தக் கோள்கள் அதையும் பிடிக்கின்றன என்பது ஏவிய பிறகு கிடைத்த உபரி லாபம். ஒரு பெரிய வட்டாரத்தில் பயிர் வாடத் தொடங்குவதை அறிய இது உதவும்.

கோள் சொல்வது சரியா என்று பார்க்கத் தரையில் எடுக்கும் அளவை வேண்டும். ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1958இல் தொடங்கிய அளவை இவற்றுள் முதன்மையானது. அப்போது பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த கரியமில வாயு, 2024இன் சராசரியில் 425ஐ ஒட்டி வந்துவிட்டது. நமக்குப் பக்கத்திலும் இத்தகைய பணி நடந்திருக்கிறது. மரக்காணத்துக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள காலாப்பட்டில், புதுச்சேரிப் பல்கலைக்கழக வளாகத்தில், கடற்காற்றைக் கண்ணாடிக் குடுவைகளில் பிடித்துப் பிரான்சுக்கு அனுப்பி அளந்தார்கள். லடாக்கின் ஹான்லே, அந்தமானின் போர்ட் பிளேர் ஆகிய இடங்களிலும் இதே முறை. இம்மூன்று இடங்களின் 2007 முதல் 2011 வரையிலான அளவைகள் பின்னர் ஆய்வுக் கட்டுரையாக வெளியாயின. கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பிற்பகலில் கடலிலிருந்து வரும் காற்றில் ஊர்ப் புகையும் வயலின் மூச்சும் அதிகம் கலந்திருப்பதில்லை.

"கரியமில வாயு பயிருக்கு உணவுதானே, கூடினால் நல்லதுதானே?" என்று கேட்பவர்களும் உண்டு. நெல் ஓரளவு கூடுதலாக வளரும் என்பது சரி. ஆனால் சீனாவிலும் ஜப்பானிலும் 18 நெல் இரகங்களைக் கூடுதல் கரியமில வாயுவில் வளர்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், அரிசியின் புரதம் சராசரியாகப் பத்து சதவிகிதமும், இரும்புச் சத்து எட்டு சதவிகிதமும், துத்தநாகம் ஐந்து சதவிகிதமும் குறைந்தன. மூட்டை கூடி, சத்துக் குறைவதை இலாபம் என்று சொல்வதற்கில்லை.

வண்ணப் படம் வேறு, வாயு அளவை வேறு

ஒப்பந்தம் பேச வருகிறவர் கைப்பேசியில் உங்கள் நிலத்தின் எல்லையைக் காட்டுவார். பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணங்களில் படம் இருக்கும். "பாருங்கள், உங்கள் தோப்பு உறிஞ்சுவது இதில் தெரிகிறது" என்பார். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

அந்தப் படத்தை எடுத்தது வேறு வகைக் கோள். ஐரோப்பாவின் சென்டினல்-2 போன்றவை பத்து மீட்டர் கட்டமாக நிலத்தைப் படம் பிடிக்கின்றன. அவை காட்டுவது இலையின் பசுமை. அங்கே மரம் நிற்கிறதா, வெட்டப்பட்டதா, நடவு நடந்ததா என்பது அதில் தெரியும். ரேடார் பொருத்திய கோள்கள் மேகத்தின் ஊடாகவும் பார்ப்பதால், நெல் நட்ட பரப்பைக் கணக்கிட நமது வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அவற்றைப் பயன்படுத்தி வருகிறது. இவையெல்லாம் நல்ல கருவிகளே. ஆனால் இவற்றுள் எதுவும் உங்கள் ஏக்கர் எத்தனை கிலோ கரியமில வாயுவை எடுத்தது என்று அளப்பதில்லை. பசுமையைப் பார்த்து ஒரு சூத்திரத்தின் மூலம் மதிப்பிடுகிறார்கள். அந்தச் சூத்திரம் சரியா என்பது தரையில் எத்தனை மரத்தை அளந்து சரிபார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது.

சவுக்கின் கணக்கு நாடாவாலும் தராசாலும் போடக்கூடிய கணக்குத்தான். ஏக்கருக்கு 40 டன் பச்சை மரம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஈரம் போனால் ஏறத்தாழ 20 டன். அதில் பாதி, அதாவது 10 டன், கரி. ஒரு டன் கரிக்கு 3.67 டன் கரியமில வாயு என்ற கணக்கில் 37 டன் வருகிறது. ஒரு டன் வாயுவுக்கு ஒரு வரவுச் சீட்டு என்பது சந்தை வழக்கம். ஆனால் 37 சீட்டு கைக்கு வரும் என்று எண்ணிவிட வேண்டாம். மூன்று, நான்கு ஆண்டில் வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் தோப்பில் சேர்ந்த கரி விரைவில் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. ஆகவே நட்டு வெட்டும் தோப்புகளுக்கு நீண்ட காலச் சராசரி இருப்பை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். ஏற்கெனவே சவுக்கு இருந்த நிலத்தில் மீண்டும் சவுக்கையே நட்டால், அதனால் புதிதாக என்ன நன்மை என்ற கேள்வியும் எழும். அதற்கு விடை இல்லாவிட்டால் சீட்டே கிடையாது.

நெல்லுக்கு இன்னொரு வகைத் திட்டம். தேங்கிய வயலில் உண்டாகும் மீத்தேன் வாயுவைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டிக் குறைப்பது. முறை நல்லது, நீரும் மிச்சமாகும். ஆனால் எப்போது காயவிட்டோம், துளையிட்ட குழாயில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது என்ற பதிவு இல்லாமல் அங்கும் கணக்கு நிற்காது. வெர்ரா என்ற சர்வதேசப் பதிவு அமைப்பு 2024 ஆகஸ்டில் சீனாவின் 37 நெல் திட்டங்களைத் தரக் குறைபாடுகளுக்காகத் தள்ளுபடி செய்துவிட்டது. இந்தியாவில் கரி வரவு வணிகத் திட்டத்தை மத்திய அரசு 2023இல் அறிவித்திருக்கிறது. எனவே இதில் வருமானமே வராது என்று நான் சொல்லவில்லை. யார் எதை எப்படி அளப்பார்கள் என்று கேட்காமல் இறங்க வேண்டாம் என்கிறேன்.

கையெழுத்துக்கு முன்

எத்தனை ஆண்டு ஒப்பந்தம், இடையில் மகள் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ மரத்தை வெட்டினால் அபராதம் உண்டா, நிலத்தை விற்றால் ஒப்பந்தம் வாங்குபவர் தலையில் ஏறுமா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். தமிழில் எழுதிய பிரதி தராதவரிடம் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்வது நல்லது.

நம் பகுதிக்கு முக்கியமான கேள்வி புயல். 2011 டிசம்பரில் தானே, 2020 நவம்பரில் நிவர், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று புதுச்சேரியை ஒட்டிய இந்தக் கரையைப் புயல்கள் கடந்திருக்கின்றன. தோப்பு சாய்ந்துவிட்டால் முன்பு வழங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா? பெரிய திட்டங்களில் இத்தகைய இழப்புக்கென்று ஒரு பங்குச் சீட்டுகளை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது வழக்கம். உங்கள் திட்டத்தில் அந்த ஒதுக்கீடு உண்டா, எவ்வளவு என்று கேட்க வேண்டும். இதற்கு மழுப்பலான பதில் வந்தால் அந்த இழப்பு உங்கள் தலையில்தான் விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவேலி ஏரியை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அது 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. சதுப்பு மண்ணில் தங்கும் கரிக்கும் இப்போது மதிப்புப் பேசப்படுகிறது. புறம்போக்கு எது, பட்டா எது என்பதைத் தாலுகா அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளாமல், அந்த நிலத்தைக் காட்டி யாரும் செய்யும் திட்டத்தில் பெயர் கொடுக்க வேண்டாம்.

ஒப்பந்த நகலைத் திண்டிவனத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ காட்டி ஆலோசனை கேட்கலாம். திட்டத்தில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் சொந்த அளவை ஒன்று கையில் இருக்கட்டும். தை மாதம் தோப்பில் வரிசைக்கு ஒன்றாக இருபது மரங்களைத் தேர்ந்தெடுத்து, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் தையல் நாடாவால் சுற்றளவை அளந்து, தேதியுடன் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். நன்கு பருத்த மரங்களாகப் பார்த்து எடுக்காதீர்கள். சோனியும் கலந்திருந்தால்தான் சராசரி சரியாக வரும். அளந்த இடத்தில் வண்ணம் பூசி எண் இட்டுவிட்டால் அடுத்த தையில் அதே மரத்தை அதே உயரத்தில் அளக்க முடியும்.